டெல்டாவிலிருந்து ஸ்பிதி: முதியவரையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு எந்த மாதத்தில், எந்த வழியாகச் செல்வது?

கேள்வி: குத்தாலம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். குத்தாலத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். நெல்லும் அதன் பின் உளுந்துமாக ஆண்டு ஓடுகிற விவசாயக் குடும்பம். இமாசலப் பிரதேசத்தில் திபெத் எல்லையை ஒட்டி இருக்கும் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குக் குடும்பத்தோடு சென்று வர வேண்டும் என்பது எங்கள் வெகுநாள் எண்ணம். என் மாமனார் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களைப் பற்றி வகுப்பில் பல ஆண்டுகள் பேசியவர், ஏறத்தாழ அதே காலத்து ஓவியங்கள் ஸ்பிதியின் தாபோ மடாலயத்தில் இருப்பதாகப் படித்ததிலிருந்து, உடம்பில் தெம்பு இருக்கும்போதே அதைப் பார்த்துவிட வேண்டும் என்கிறார். அவருக்கு வயது 67. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார், மற்றபடி நன்றாக நடக்கிறார். மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். என் கணவருக்கு, மழையே இல்லாத அந்த மலையில் எப்படி வெள்ளாமை நடக்கிறது என்பதை நேரில் பார்க்க ஆசை.

சென்னையில் விசாரித்த ஒரு பயண முகவர், மணாலியிலிருந்து ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸா, சந்திரதால் ஏரி என்று ஆறு இரவுகளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், கடல் மட்டத்தை விட்டு அதிகம் விலகியிராத எங்களைப் போன்றவர்களுக்கு அது சரிப்படுமா என்று தெரியவில்லை. ரயில் பயணம் உட்பட 18 நாட்கள் ஒதுக்க முடியும். மே மாதக் கோடை விடுமுறையிலோ, செப்டம்பரில் காலாண்டு விடுமுறையை ஒட்டியோ செல்லலாம். ஆடிப்பெருக்குக்கு ஊரில் இருந்தாக வேண்டும் என்பதால் ஜூலை, ஆகஸ்டு இயலாது. எங்களில் யாருக்கும் இந்தி சரளமாக வராது. சைவ உணவு மட்டுமே உண்போம். அங்குள்ள வீடுகளிலேயே தங்க விரும்புகிறோம். அவர்கள் மனம் கோணாமல் நடந்துகொள்ள எவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதையும் சென்று வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: திருவையாறு

சகோதரிக்கு வணக்கம். வழியும் மாதமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முகவர் சொல்லும் வழியை இந்தப் பயணத்துக்கு ஏற்காதீர்கள். மணாலியின் உயரம் ஏறத்தாழ 2,050 மீட்டர். காஸாவின் உயரம் ஏறத்தாழ 3,650 மீட்டர். அந்த வழியில் செல்பவர் காலையில் மணாலியில் எழுந்து, 4,550 மீட்டருக்கு மேல் இருக்கும் குன்சும் கணவாயைக் கடந்து, அன்றிரவே காஸாவில் படுக்க வேண்டியிருக்கும். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோதாங் கணவாயில் ஏற வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் சாலையில் நேரம் குறைந்ததே தவிர, உடம்பு ஏற வேண்டிய உயரம் குறையவில்லை. ஒரே நாளில் 1,600 மீட்டர் கூடுதல் உயரத்தில் போய்த் தூங்குவது இளைஞர்களுக்கே தலையைப் பிளக்கும். மேலும், குன்சும் கணவாய் பெரும்பாலான ஆண்டுகளில் ஜூன் மாதத்தில்தான் பனி அகற்றப்பட்டுத் திறக்கிறது. மே மாதத்தில் அந்த வழியை நம்பிப் பயணச்சீட்டு எடுப்பது வீண்.

நீங்கள் செல்ல வேண்டியது சிம்லா, கின்னோர் வழி. சட்லெஜ் ஆற்றை ஒட்டி ஏறி, கப் என்னுமிடத்தில் ஸ்பிதி ஆறு வந்து கலக்கும் கூடலைத் தாண்டி, ஆற்றின் எதிர்த்திசையிலேயே மேலே செல்லும் சாலை அது. கடும் பனிப்பொழிவு, சரிவு நாட்கள் தவிர ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். தொலைவு அதிகம், ஆனால் அந்தத் தொலைவுதான் உங்கள் மாமனாரின் உடம்புக்குப் பாதுகாப்பு. சிம்லா 2,200 மீட்டர், கல்பா 2,960, தாபோ 3,280, பிறகு காஸா என்று சிறிது சிறிதாக உயரம் கூடும். சிம்லாவில் ஓரிரவு, ராம்பூரிலோ சராஹனிலோ ஓரிரவு, கல்பாவில் கட்டாயம் இரண்டு இரவுகள், தாபோவில் குறைந்தது இரண்டு, காஸாவில் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்பாவுக்கும் தாபோவுக்கும் இடையே நாக்கோ வரும். 3,660 மீட்டர் உயரத்தில் ஏரியும் பழைய கோயில்களும் கொண்ட அழகிய ஊர் அது. பகலில் இறங்கிப் பாருங்கள், போகும்போது அங்கே தூங்க வேண்டாம். திரும்பும்போது தங்கலாம்.

மாதத்தைப் பொறுத்தவரை, மே 15-க்குப் பிறகு புறப்பட்டு ஜூன் முதல் வாரத்துக்குள் வீடு திரும்புவதே உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது என்பேன். உளுந்து, பயறு அறுவடை முடிந்திருக்கும், ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தால் தண்ணீர் வந்து சேர்வதற்குள் ஊரில் இருப்பீர்கள், பையனுக்கும் விடுமுறை. கின்னோர் மலைகளில் பருவமழை அப்போது தொடங்கியிருக்காது. ஸ்பிதிக்குள் மழை குறைவென்றாலும், அங்கே போய்ச் சேரும் வழி மழை நாட்களில் சரியும் மலைகளைக் கடந்தே செல்கிறது. செப்டம்பர் பிற்பகுதி வானத்தின் தெளிவுக்கு இன்னும் சிறந்தது. ஆனால் குறுவை அறுவடையையும் சம்பா நடவையும் விட்டுவிட்டு வரும் விவசாயியின் மனம் மலையில் நிற்காது.

உழவன் விரைவு வண்டியில் சென்னை, அன்றிரவே தமிழ்நாடு விரைவு வண்டியில் தில்லி, அங்கிருந்து கால்கா என்று வந்து, மலை ரயிலில் சிம்லா ஏறுங்கள். 1903-இல் திறக்கப்பட்ட 96 கிலோமீட்டர் குறுகிய பாதை. 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பேருந்து விரைவாகச் செல்லும். பையனுக்காக ரயிலையே சொல்கிறேன். மே மாதத்தில் இடம் கிடைப்பது அரிது, முன்பதிவு திறக்கும் நாளிலேயே எடுத்துவிடுங்கள். சிம்லாவுக்கு மேலே அரசுப் பேருந்து உண்டு. கல்பாவுக்குக் கீழே உள்ள ரெக்காங் பியோவிலிருந்து காலையில் புறப்படும் பேருந்து மாலைக்குள் காஸா சேரும். ஆயினும் முதியவர் உடன் வருவதால், நினைத்த இடத்தில் நிறுத்தவும், உடல்நலம் குன்றினால் உடனே கீழே இறங்கவும் வசதியாக, சிம்லாவிலிருந்தே உள்ளூர் ஓட்டுநரோடு வாடகை வண்டி எடுப்பது நல்லது. இந்தியக் குடிமக்களுக்கு இந்த வழியில் தனி அனுமதிச்சீட்டு வேண்டியதில்லை. ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள், சோதனைச் சாவடிகளில் கேட்பார்கள்.

காஸாவில் பெட்ரோல் நிலையமும் வங்கியின் பண இயந்திரமும் உண்டு. இயந்திரத்தில் எப்போதும் பணம் இருக்கும் என்று எண்ணாமல், சிம்லாவிலேயே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். காஸாவை விட்டு மேல் கிராமங்களுக்குச் சென்றால் கைப்பேசித் தொடர்பு நிச்சயமில்லை.

பதில்: மருத்துவர், திருவாரூர்

திருவையாறு ஐயா சொன்ன வழியை மருத்துவக் கண்கொண்டும் ஆதரிக்கிறேன். 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், முந்தைய இரவு தூங்கிய உயரத்தைவிட மறு இரவு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்வதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓரிரவு தங்குவதும் உலகெங்கும் சொல்லப்படும் நெறி. அவர் சொன்ன ஊர்களின் வரிசை இதற்குப் பொருந்துகிறது. காஸாவில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, நம் ஊரில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். உடல் தன்னைப் பழக்கிக்கொள்ள நாட்கள் வேண்டும். அதற்கு உடல்வலிமை ஈடாகாது. நன்றாக நடக்கிறவர் என்பதால், உயரத்தில் வரும் மலைநோய் அவருக்கு வராது என்று எண்ண வேண்டாம்.

புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே மாமனாரை அவருடைய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா, இதயப் பரிசோதனை தேவையா, எந்த வகை மாத்திரை எடுக்கிறார் என்பதையெல்லாம் அவர் பார்க்க வேண்டும். மலைநோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்னும் மாத்திரை தருவதுண்டு. அதுவும் சிறுநீரைப் பெருக்கும் வகையைச் சேர்ந்தது என்பதால், ஏற்கெனவே எடுக்கும் அழுத்த மாத்திரையோடு சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மருந்துக் கடையில் தானாக வாங்கி விழுங்க வேண்டாம். உயரத்தில் இரத்த அழுத்தம் கூடுவதுண்டு. வீட்டில் அளக்கும் கருவியை எடுத்துச் சென்று, காலையும் மாலையும் பாருங்கள்.

தலைவலி, பசியின்மை, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். அவை இருக்கும்வரை மேலே ஏறக் கூடாது; அங்கேயே ஓய்வெடுக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஓயாத இருமல், பேச்சில் குழப்பம், நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொன்னால் தடுமாறுவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும், நள்ளிரவானாலும் வண்டியை எடுத்துக் கீழே இறங்கிவிடுங்கள். பிராணவாயு உருளையோ மாத்திரையோ இறங்குவதற்கு மாற்றாகாது. பிள்ளைகள் தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் எரிந்து விழுவார்கள், சாப்பாட்டைத் தள்ளுவார்கள்; அதைப் பிடிவாதம் என்று கடிந்துவிடாதீர்கள். தூக்க மாத்திரை அறவே கூடாது. காற்று மிக வறண்டது, வியர்ப்பதே தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மறுமொழி: குத்தாலம் வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. மே மாதம் என்று முடிவெடுத்துவிட்டோம்; முகவரிடமும் சொல்லிவிட்டேன். மாமனார் கேட்கச் சொன்ன ஒன்று: தாபோவுக்கு இரண்டு இரவுகள் உண்மையிலேயே தேவையா? அதில் ஒன்றைக் குறைத்தால், காஸாவுக்கு மேலே உள்ள கீ மடாலயம், கிப்பர், லாங்ஸா, கோமிக் எல்லாவற்றையும் அவசரமின்றிப் பார்க்கலாமே என்று கணவர் எண்ணுகிறார். சந்திரதாலைப் பார்க்க முடியாமல் போவதில் பையனுக்கு வருத்தம்.

பதில்: தஞ்சை மேலவீதி

அம்மா, எதைக் குறைத்தாலும் தாபோவைக் குறைக்காதீர்கள். உங்கள் மாமனாரின் விருப்பத்தை அறிந்தே இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

தாபோ மடாலயம் 996-இல் நிறுவப்பட்டது. இராஜராஜன் அரியணை ஏறிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. மேற்குத் திபெத்தின் குகே நாட்டு அரசர் யேஷே ஓ அதை எழுப்பினார். சமஸ்கிருத நூல்களைத் திபெத்திய மொழிக்குக் கொண்டுவந்த ரின்சென் சாங்போவின் காலமும் அதுவே. இன்று பேரவைக் கூடத்தில் காணும் ஓவியங்களில் பெரும்பகுதி, 1042-ஐ ஒட்டி நடந்த புதுப்பிப்பின்போது தீட்டப்பட்டவை. அப்போது இங்கே இராஜேந்திரன் ஆண்டுகொண்டிருந்தான். நம் பெரிய கோயில் கல்லால் ஆனது. அதன் கருவறைச் சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்கள் 1931-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தன. தாபோ முழுக்க முழுக்க மண். மண் சுவர், மண் பூச்சு, மண் கூரை. மழை மிகக் குறைவு என்பதாலேயே ஆயிரம் ஆண்டுகள் நின்றிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சாணம் மெழுகிய தானியக் குதிர் போலத் தெரியும். உள்ளே இப்படி ஒன்று இருக்கும் என்று எண்ணத் தோன்றாது.

பேரவைக் கூடத்துக்குள் நுழைந்ததும் எதுவும் தெரியாது. கூரையில் இருக்கும் சிறு திறப்பின் வெளிச்சம் மட்டுந்தான். வாசலருகே ஒதுங்கி, கண் பழகும்வரை பேசாமல் நில்லுங்கள். முதலில் தலைக்கு மேலே, சுவரிலிருந்து வெளிநோக்கி அமர்ந்த மண் சிற்பங்கள் புலப்படும். முப்பதுக்கும் மேற்பட்ட அந்த உருவங்கள், நடுவே நாற்புறமும் நோக்கும் வைரோசனர் என்னும் புத்தரைச் சூழ்ந்திருக்கின்றன. அதன் பிறகே அவற்றின் கீழே ஓடும் ஓவியப் பட்டைகள் தெரியத் தொடங்கும். ஒரு பக்கம் புத்தரின் வாழ்க்கை. மறுபக்கம் சுதனன் என்னும் இளைஞன் ஞானம் தேடி ஆசான் மாற்றி ஆசானாக நாடெங்கும் நடந்த கதை. கண்டவியூக சூத்திரம் என்னும் பௌத்த நூல் சொல்லும் அந்தப் பயணத்தில், திராவிட நாட்டில் வாழும் மேகன் என்ற ஆசானையும் சுதனன் தேடி வருகிறான். இந்தச் சுவரின் முன் நிற்கும்போது உங்கள் மாமனாருக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழும்பியதும், அதற்கு இராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடையளித்ததும் இதே காலம்தான். அந்த விகாரம் அழிந்துவிட்டது, அங்கே கிடைத்த செப்புப் புத்தர்களைப் பார்க்க நாம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. தாபோவில் இன்னும் பூசை நடக்கிறது.

ஒரே வருகையில் இதைப் பார்த்து முடிக்க இயலாது. முதல் நாள் மாலை ஒருமுறை, மறுநாள் காலை வெளிச்சம் மாறிய பிறகு ஒருமுறை என்று செல்லுங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. சிறு கைவிளக்கு கொண்டுசெல்லலாம். துறவியிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள், ஓவியத்தின் மீது நெடுநேரம் பாய்ச்ச வேண்டாம். சுவரில் சாய்வதோ தொடுவதோ கூடாது என்று பையனிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஒரு முதுகுப்பை உரசினாலே பூச்சு உதிரும். ஊருக்கு மேலே மலையில் குடைந்த தியானக் குகைகள் இருக்கின்றன. மாமனார் அவற்றுக்கு ஏற வேண்டியதில்லை.

காஸா செல்லும் வழியில் டங்கரை மட்டும் விட்டுவிடாதீர்கள். பின் என்னும் பெயருடைய ஆறும் ஸ்பிதி ஆறும் கலக்கும் இடத்துக்கு மேலே, அரித்துக் கூர்மையான குன்றின் விளிம்பில் நிற்கும் மடாலயம் அது. ஸ்பிதியின் பழைய தலைநகரும் அதுவே. கோமிக்கை விட்டுவிட்டாலும் குறையில்லை.

பதில்: நீடாமங்கலம்

கணவருக்காக எழுதுகிறேன். அண்ணன் கட்டாயம் பார்க்க வேண்டியது அங்கே கூல் என்று சொல்லப்படும் வாய்க்கால்கள். மழையை நம்பாமல், மேலே பனியாறு உருகும் இடத்திலேயே நீரைப் பிடித்து, சரிவை அணைத்தபடி கல் அடுக்கிய வாய்க்காலில் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுவருகிறார்கள். ஊருக்கு மேலே வட்டமான ஒரு குளம் இருக்கும். இரவெல்லாம் சிறுகச் சிறுக வந்து சேரும் நீரைக் காலையில் மதகு திறந்து வயல்களுக்கு விட்டு, மாலையில் குளம் வற்றியதும் அடைத்துவிடுவார்கள். மறு இரவு மீண்டும் நிரம்பும். எந்த வீட்டுக்கு எப்போது தண்ணீர் என்பது ஊர்க் கட்டுப்பாடு. மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் கடைமடையில் காத்திருக்கும் நமக்கு, ஒரு ஊர் தன் தண்ணீரை ஒவ்வொரு நாளும் இப்படி எண்ணிச் செலவழிப்பது மனத்தைத் தொடும். ஆண்டுக்கு ஒரே போகம், பார்லியும் பட்டாணியும். பட்டாணிதான் கையில் காசு தரும் பயிர். மே இறுதியில் விதைப்பு முடிந்து பயிர் முளைத்து வரும் நேரமாக இருக்கும். லாங்ஸாவிலோ கிப்பரிலோ விவசாயி ஒருவரின் வீட்டில், காஸாவில் உடம்பு பழகிய பிறகு, ஓர் இரவு தங்கினால் இதையெல்லாம் கேட்டறியலாம். இரண்டும் 4,200 மீட்டருக்கு மேல், அதாவது மருத்துவர் சொன்ன 500 மீட்டர் அளவைத் தாண்டி இருப்பதால், மாமனாரின் நிலையைப் பார்த்து அன்றைக்கே முடிவு செய்யுங்கள். பகலில் போய்த் திரும்பினாலும் போதும்.

தண்ணீர் இவ்வளவு அரிதானது என்பதால் வீட்டில் குளிக்க வெந்நீர் கேட்காதீர்கள். முகம் கைகால் கழுவ ஒரு வாளி தருவார்கள். கழிவறை பெரும்பாலும் உலர் கழிவறை: தரையில் ஒரு துளை, பக்கத்தில் மண் அல்லது சாம்பல் குவியல், ஒரு மண்வெட்டி. பயன்படுத்திய பின் மண் தள்ள வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மக்கி வயலுக்கு எருவாகப் போகிறது. தண்ணீர் ஊற்றினால் எரு கெடும், நாற்றமும் எடுக்கும். சுத்தம் செய்துகொள்ளக் காகிதம் எடுத்துச் செல்லுங்கள்.

சைவ உணவுக்குக் குறைவில்லை. சோறு, பருப்பு, ராஜ்மா, காய்கறி துக்பா (நூடுல்ஸ் சூப்), பார்லி மாவு எல்லாம் கிடைக்கும். அந்த உயரத்தில் தண்ணீர் 90 பாகைக்குள்ளேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. சோறு நம் வீட்டுப் பதத்தில் இருக்காது. பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டுசெல்லுங்கள், மாமனாருக்கு வாய் பிடிக்காமல் போனால் உதவும். துக்பாவில் இறைச்சிச் சாறு சேர்ப்பதுண்டு, முன்பே சொல்லிவிட வேண்டும். உப்பும் வெண்ணெயும் சேர்த்த தேநீரை முதல் கோப்பையாவது மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுடைய பேச்சு திபெத்திய மொழியைச் சேர்ந்தது. இந்தி அவர்களுக்கும் கற்றுக்கொண்ட மொழிதான், அதனால் நம் தட்டுத்தடுமாறிய இந்தியைப் பொறுமையோடு கேட்பார்கள். ஜூலே என்று கைகூப்பினால் முகம் மலரும். மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய சுவரும் ஸ்தூபியும் எதிரே வந்தால், நாம் கோயிலை வலம் வருவது போலவே வலப்பக்கம் இருக்குமாறு சுற்றிக் கடக்க வேண்டும். அந்தக் கற்களில் ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது. லாங்ஸாவில் பழங்காலக் கடலின் நத்தை வடிவப் புதைபடிவங்கள் கிடக்கும், பிள்ளைகளே விற்க வருவார்கள். பையன் ஆசைப்படுவான், கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். இமயமலை இருக்கும் இடத்தில் டெத்திஸ் என்ற கடல் இருந்ததற்கு அந்த மண்ணில் எஞ்சிய சாட்சி அவை. ஒவ்வொருவரும் ஒன்று எடுத்தால் மிஞ்சாது.

சந்திரதால் பற்றிப் பையனிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். மே மாதத்தில் அங்கே போகும் பாதை பனியில் மூடிக் கிடக்கும். பாதை திறந்திருக்கும் காலத்திலும் அது விளையாட்டான இடமன்று. 2023 ஜூலையில் அங்கே சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கானோரைப் பல நாட்கள் போராடி மீட்டார்கள். அவன் வளர்ந்த பிறகு, உடம்பு மலைக்குப் பழகிய நிலையில், செப்டம்பரில் போகலாம்.

தில்லியிலிருந்து திரும்பும் ரயிலுக்கு முன், எந்த ஊரையும் எழுதாமல் இரண்டு நாட்களை வெறுமனே விட்டுவையுங்கள். கின்னோர்ச் சாலையில் மழையில்லாத நாளிலும் பாறை சரிவதுண்டு. எல்லைச் சாலைப் பணியாளர்கள் அதை அகற்றும்வரை அரை நாளோ ஒரு நாளோ வரிசையில் நிற்க நேரலாம். வண்டியில் குடிநீரும் பொரிகடலையும் மாமனாரின் மாத்திரையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், மேலே கட்டிய பெட்டியில் வேண்டாம்.